பிலிப்பினோ பணிப்பெண் டிசம்பரில் ஊருக்குப் போகிறார்: டிக்கெட் எடுக்கும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

செங்காங்_வாசி

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வீட்டுப் பணிப்பெண் பிலிப்பீன்ஸின் வட சமார் மாகாணத்துக்காரர். டிசம்பர் 15 வாக்கில் கிளம்பி ஜனவரி 8 வாக்கில் திரும்புவதாகத் திட்டம். முதல் ஒப்பந்தம் என் மனைவி பெயரில் இருந்தது. பிறகு வேலை அனுமதியை என் பெயருக்கு மாற்றினோம். மாற்றிய பிறகு அவர் ஊருக்குப் போவது இதுதான் முதல்முறை.

பயண முகவர், "ஓஇசி இல்லாவிட்டால் மணிலாவில் ஏற்றமாட்டார்கள்" என்கிறார். ஏஜென்சியில் கேட்டால், "பழைய ஆள்தானே, போனிலேயே எடுத்துக்கொள்வார்" என்கிறார்கள். எது சரி? கிறிஸ்துமஸுக்குள் ஒரு பெட்டியும் கப்பலில் அனுப்ப ஆசைப்படுகிறார். அதில் என்ன வைக்கலாம், என்ன கூடாது? பணிப்பெண்ணுக்காக முதலாளி மாதாமாதம் அரசுக்குக் கட்டும் லெவியை லீவு நாட்களுக்கும் கட்ட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_ஏஜென்சிக்காரன்

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் இரண்டாவது பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. மனைவி பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றியதாகப் போகிறபோக்கில் சொன்னீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஓஇசி என்பது வெளிநாட்டு வேலைச் சான்று. வேலைக்காக பிலிப்பீன்ஸை விட்டு வெளியேறும் பிலிப்பினோ எவரும் விமான நிலையத்தில் காட்ட வேண்டியது. சாங்கி விமான நிலையத்தில் கிளம்பும்போது யாரும் கேட்கமாட்டார்கள். ஊரில் இறங்கும்போதும் கேட்கமாட்டார்கள். லீவு முடிந்து திரும்புகிற அன்றுதான் கேட்பார்கள். அதனாலேயே பல வீடுகளில் கடைசி வாரத்தில்தான் இதன் நினைப்பு வருகிறது.

ஏற்கெனவே வெளிநாட்டில் வேலையில் இருந்து லீவில் வந்து திரும்புபவரை 'பாலிக் மங்ககாவா' என்பார்கள். அவருக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. டிஎம்டபிள்யூ எனப்படும் பிலிப்பீன்ஸ் புலம்பெயர் தொழிலாளர் துறையின் தளத்திலோ செயலியிலோ நுழைந்து பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம், கட்டணம் கிடையாது. ஏஜென்சி சொன்னது இதைத்தான். ஆனால் இதற்கு மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: அதே முதலாளி, அதே நாடு, துறையின் பதிவேட்டில் அந்த வேலை ஏற்கெனவே ஏறியிருப்பது. ஒன்று குறைந்தாலும் விலக்கு இல்லை.

கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தாலும் அந்தப் பதிவேட்டுக்கு இருவரும் இரண்டு முதலாளிகள்தான். சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கும் அப்படித்தான். பெயர் மாற்றியபோது புதிய விண்ணப்பம்தானே போட்டிருப்பீர்கள். ஆகவே உங்கள் பணிப்பெண் 'முதலாளி மாறியவர்' கணக்கில் வருகிறார். புது ஒப்பந்தத்தை இங்கே சிங்கப்பூரில் உள்ள எம்டபிள்யூஓ, அதாவது முன்பு போலோ என்று சொன்ன தூதரகத் தொழிலாளர் அலுவலகம், சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். அதன்பிறகுதான் ஓஇசி. அதற்கு 100 பெசோ அளவில் சின்னக் கட்டணம்.

பொதுவாகக் கேட்கப்படும் தாள்கள்: அவர்களுடைய மாதிரிப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், உங்கள் அடையாள அட்டை நகல், அவருடைய பாஸ்போர்ட் நகல், வேலை அனுமதி அட்டையின் இரு பக்க நகல், காப்புறுதி நிறுவனம் தந்த பிணைப் பத்திரம். இந்தக் கடைசியில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். மனிதவள அமைச்சுக்கான 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணை எல்லோரிடமும் இருக்கும். பிலிப்பினோ பணிப்பெண் என்றால் தூதரகத்துக்கென்று தனியாக 2,000 வெள்ளி பிணையும் உண்டு. காப்புறுதி வாங்கும்போது அந்தக் கட்டத்தை 'டிக்' செய்யாமல் விட்டிருந்தால் உங்கள் பத்திரத்தில் அது இருக்காது. முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அதே நிறுவனத்திடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த இடறல் சம்பளம். ஒப்பந்தத்தில் எழுதும் தொகை பிலிப்பீன்ஸ் அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. 2006 கடைசியில் வீட்டுப் பணியாளர்களுக்கு அதை மாதம் 200 அமெரிக்க டாலரிலிருந்து 400 ஆக உயர்த்தினார்கள். வெள்ளியில் எவ்வளவு எழுத வேண்டும் என்பதற்கு எம்டபிள்யூஓவின் நடப்புப் படிவத்தைப் பாருங்கள்; ஐந்து வருடத்துக்கு முந்தைய படிவத்தை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை நிரப்பாதீர்கள். அமைச்சில் பதிவான சம்பளம் ஒன்று, ஒப்பந்தத்தில் வேறொன்று என்றாலும் கேள்வி வரும்.

இதையெல்லாம் ஏஜென்சி வழியாகச் செய்வதாக இருந்தால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "நீங்கள் எம்டபிள்யூஓவில் அங்கீகாரம் பெற்றவரா?" சிங்கப்பூர் உரிமம் இருப்பதும் அந்த அங்கீகாரம் இருப்பதும் வேறு வேறு. அக்டோபருக்கு மேல் கூட்டம் ஏறும். எல்லோருக்கும் டிசம்பர்தான் லீவு.

---

அக்கா_ஜூரோங்

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க தம்பி. சிலர் என்ன பண்றாங்கன்னா, செயலியில "அதே முதலாளியா?"ன்னு கேட்கும்போது பழைய பேரைப் பார்த்துட்டு "ஆமா"ன்னு அழுத்திடறாங்க. விலக்கு எண் உடனே வந்துடும். சந்தோஷமா ஊருக்குப் போயிடுவாங்க. மணிலாவில ஆபீசர் வேலை அனுமதி அட்டையை வாங்கிப் பார்த்தா அதுல கணவர் பேரு, விலக்குச் சீட்டுல மனைவி பேரு. அங்கேயே ஓரமா நிறுத்திடுவாங்க. அப்புறம் விமான நிலையத்துக்குள்ள இருக்கிற தொழிலாளர் உதவி மேசைக்கு ஓடணும். அவங்க சரிபண்ணித் தரலாம், தராமலும் போகலாம், ஆனா விமானம் காத்திருக்காது. "ஆஃப்லோட்", அதாவது விமானத்துல ஏத்தாம விட்டுடறதுன்னு அவங்க பயப்படறது இதுக்குத்தான்.

இன்னொண்ணு. ஊருக்குப் போன பிறகு பார்த்துக்கலாம்னு விடாதீங்க. ஓஇசியை மணிலாவில ஒர்ட்டிகாஸ் அவென்யூவில இருக்கிற டிஎம்டபிள்யூ தலைமை ஆபீஸ்லயும் வாங்கலாம், வட்டார ஆபீஸ்லயும் வாங்கலாம். ஆனா ஒப்பந்தத்தைச் சரிபார்த்து முத்திரை வைக்கிறது வேலை செய்யற நாட்டுல இருக்கிற எம்டபிள்யூஓதான். அவங்க அங்க உட்கார்ந்திருக்க, நீங்க இங்க தாளைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சு, கூரியர்ல அனுப்பி, அது கிறிஸ்துமஸ் கூட்டத்துல மாட்டி... வேணாம்.

அவங்க முதல் தடவை சிங்கப்பூருக்கு எப்படி வந்தாங்கன்னும் கேட்டுக்கோங்க. டூரிஸ்ட்டா வந்து இங்கேயே வேலை அனுமதி எடுத்தவங்களுக்கு டிஎம்டபிள்யூ பதிவேட்டுல எதுவுமே இருக்காது. அவங்களுக்கு முதலாளியே மாறலைன்னாலும் ஒப்பந்தச் சரிபார்ப்பு உண்டு.

---

செங்காங்_வாசி

நன்றி அண்ணே, நன்றி அக்கா. அவர் முறையாக ஏஜென்சி வழியாகத்தான் வந்தார். பிணைப் பத்திரத்தைப் பார்த்தேன், 5,000 மட்டும்தான் இருக்கிறது. நாளை கேட்டுச் சேர்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். முதலாளி என்று என் பெயர் அவருடைய வேலை அனுமதியில் ஒரு மாதிரி, என் இந்திய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் விரிந்து பின்னால் வருகிறது. ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும்? அதோடு, சொந்த நாட்டுக்காரரே வேலைக்குத் திரும்ப ஏன் இவ்வளவு காகிதம்?

---

பழைய_ஏஜென்சிக்காரன்

பெயர் விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். தமிழ்ப் பெயர்களால் அடிக்கடி வரும் தலைவலி இது. 'எஸ். முருகன்', 'முருகன் செல்வராஜ்', 'செல்வராஜ் முருகன்' மூன்றும் நமக்கு ஒரே ஆள். பதிவேட்டுக்கு மூன்று ஆட்கள். ஒப்பந்தத்தில் வேலை அனுமதியில் அச்சாகியிருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள், இடைவெளி உட்பட. பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் அந்த நகலையும் இணைத்து, இரண்டும் ஒருவரே என்று ஒரு வரிக் கடிதம் கையெழுத்திட்டு வையுங்கள். ஒருமுறை பதிவேட்டில் சரியாக ஏறிவிட்டால் அடுத்த லீவுக்கு அவர் பட்டியலில் இருக்கும் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்போது புதிதாகத் தட்டச்சு செய்யவே கூடாது என்று சொல்லிவையுங்கள். ஓர் எழுத்து மாறினால் போச்சு, புது முதலாளி என்று எடுத்துக்கொண்டு நேரில் வரச்சொல்லி நாள் கொடுத்துவிடும்.

அவருடைய பெயரிலும் இதே கதை. நமக்கு இனிஷியல் அப்பாவின் பெயர். அவர்களுக்கு நடுப்பெயர் அம்மாவின் குடும்பப் பெயர். திருமணமாகி பாஸ்போர்ட்டைக் கணவர் பெயருக்கு மாற்றினால் அம்மாவின் குடும்பப் பெயர் கழன்று, பிறந்த வீட்டுப் பெயர் நடுவுக்கு வந்துவிடும். விமான டிக்கெட்டில் இந்த நடுப்பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கும். அதில் முதலில் வருவது குடும்பப் பெயர், இரண்டு அம்புக்குறிக்குப் பிறகு வருவது சொந்தப் பெயர். டிக்கெட்டுக்கு அதுவே ஆதாரம்.

ஏன் இவ்வளவு காகிதம் என்று கேட்டீர்கள். வெளிநாட்டு வேலையை அரசே நடத்தத் தொடங்கியது 1974 தொழிலாளர் சட்டத்தோடு. வெளிநாட்டு முதலாளி அரசை ஒதுக்கிவிட்டு நேரடியாக ஆளெடுக்கக்கூடாது என்று அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது. தூதரகத்தினர், பன்னாட்டு அமைப்புகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1982இல் பிஓஇஏ எனப்படும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிர்வாகம் வந்தது. 1995 மார்ச் 17 அன்று பிலிப்பினோ பணிப்பெண் ஃப்ளோர் கொண்டெம்பிளாசியோன் இங்கே சிங்கப்பூரில்தான் தூக்கிலிடப்பட்டார். அங்கே எழுந்த கொந்தளிப்பில் அதே ஜூனில் குடியரசுச் சட்டம் 8042 நிறைவேறியது. தொழிலாளருக்குப் பாதுகாப்பு உள்ள நாட்டுக்குத்தான் அனுப்புவோம், ஒப்பந்தத்தை நாங்கள் பார்ப்போம் என்ற கொள்கைக்கு அடிப்படை அது. 2010இல் திருத்தினார்கள். 2021 டிசம்பர் 30 அன்று கையெழுத்தான சட்டம் 11641 சிதறிக்கிடந்த அலுவலகங்களைச் சேர்த்து டிஎம்டபிள்யூ என்ற தனித் துறையாக்கியது. போலோ, எம்டபிள்யூஓ ஆனது அதனால்தான்.

பணக் கணக்கும் உண்டு. 2024இல் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக அங்கே போன பணம் சுமார் 34.5 பில்லியன் அமெரிக்க டாலர். எந்த நாட்டிலிருந்து அதிகம் என்று பார்த்தால் அமெரிக்காவுக்கு அடுத்த இடங்களில் சிங்கப்பூர் வருகிறது. இதில் அமெரிக்கப் பங்கு கொஞ்சம் ஊதிப்போன கணக்கு. வேறு நாடுகளிலிருந்து போகும் பணமும் அமெரிக்க வங்கிகள் வழியாகப் போனால் அந்தப் பக்கத்தில்தான் சேரும்.

ஓவா என்ற நல நிதியையும் இந்தக் கையோடு புதுப்பித்துவிடுங்கள். 25 அமெரிக்க டாலர், ஒப்பந்தக் காலம் முழுக்கச் செல்லும். இயற்கை மரணத்துக்குக் குடும்பத்துக்கு 1,00,000 பெசோ, விபத்து என்றால் 2,00,000, ஈமச் செலவுக்கு 20,000. விலக்கு எண்ணோடு போகிறவர்கள் இதைக் கட்டாமலே நழுவிவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

---

தேக்கா_மல்லிகா

பெட்டிக்கு வருகிறேன். பாலிக்பயான் பெட்டி என்பார்கள். லக்கி பிளாசாவில் ஞாயிற்றுக்கிழமை போனால் மாடிக்கு மாடி இதற்கான கடைகள். காலிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள், நிரம்பியதும் வந்து எடுத்துப்போவார்கள்.

கட்டணம் எடைக்கு இல்லை, பெட்டியின் அளவுக்கும் போகும் ஊருக்கும்தான். மணிலாவுக்கு ஒரு விலை, லூசோன் மாகாணங்களுக்கு ஒரு விலை, விசாயாஸ், மிண்டனாவோவுக்கு அதற்கு மேல். சமார் விசாயாஸ் கணக்கு. கப்பல் மணிலாவுக்குப் போய், அங்கே பிரித்து, திரும்ப லாரியிலும் படகிலும் ஏற வேண்டும். அங்கே செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்க ஆரம்பித்துவிடும், பெட்டிகளும் அப்போதே நகரத் தொடங்கும். நவம்பரில் அனுப்புவது பெரும்பாலும் ஜனவரியில்தான் கதவைத் தட்டும். உங்களுக்கு இப்போதே நேரம் இறுக்கம். கிறிஸ்துமஸ் அன்றே கையில் இருக்க வேண்டியதை விமானப் பையில் வைத்து, மற்றதைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

வரி விஷயம்: 2015இல் சுங்கத்துறை பெட்டிகளைத் திறந்து சோதிப்போம் என்றது, வெளிநாட்டில் இருப்பவர்கள் கொதித்து எழுந்தார்கள், அதிபர் தலையிட்டுக் கண்டபடி திறப்பதை நிறுத்தச் சொன்னார். அடுத்த வருடமே 2016 சுங்கச் சட்டம் 10863 வந்து, 10,000 பெசோவாக இருந்த வரிவிலக்கு 1,50,000 பெசோவானது. வருடத்துக்கு மூன்று முறை இதைப் பயன்படுத்தலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. அனுப்புபவர் பணிப்பெண்ணாகவே இருக்க வேண்டும், பெறுபவர் அவர் குடும்பமாக இருக்க வேண்டும். அன்பளிப்பு என்று நீங்கள் உங்கள் பெயரில் அனுப்பினால் இந்தச் சலுகை கிடையாது. அவருடைய பாஸ்போர்ட் நகலும், உள்ளே என்ன இருக்கிறது என்ற தகவல் படிவமும் கூடவே போக வேண்டும். புதுப் பொருள்களுக்கு ரசீது இருந்தால் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே பொருள் ஒரு டஜனுக்கு மேல் போகக்கூடாது. தள்ளுபடி விலையில் கிடைத்தது என்று 24 ஷாம்பு புட்டி வைத்தால் வியாபாரச் சரக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு ஷாம்பு, பன்னிரண்டு பற்பசை, பன்னிரண்டு சோப்பு என்று கலந்து வைத்தால் கேள்வியில்லை. பணம், நகை, கெடும் உணவு, விளையாட்டுத் துப்பாக்கி கூடாது. பன்றியிறைச்சி டின்னைத் தவிர்த்துவிடுங்கள். பன்றிக்காய்ச்சல் பரவியதிலிருந்து அதில் கெடுபிடி. உங்கள் வீட்டு சாம்பார்ப் பொடி அவருக்குப் பழகியிருக்கும், கேட்பார். டப்பாவில் கொட்டிக் கொடுக்காதீர்கள். ஊடுகதிர்ப் படத்தில் பெயரில்லாத பொடி எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். கடை உறை பிரிக்காத பாக்கெட்டாகக் கொடுங்கள்.

அடுக்குவது தனி வித்தை. முதலில் அடிப்பக்க மடிப்பில் பட்டை நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, பெட்டியைச் சுற்றியும் இரண்டு சுற்று. நான்கு பக்கச் சுவருக்கும் துண்டு, போர்வையை நிறுத்தி வைத்து மெத்தை மாதிரி ஆக்க வேண்டும். அடியில் டின்கள், மாவுப் பைகள். அதன்மேல் காப்பித்தூள், நூடுல்ஸ். புட்டிகளின் மூடியைக் கழற்றி, வாயில் நெகிழித் தாள் வைத்துத் திரும்ப மூடி, மேலே நாடா சுற்றி, பிறகு ஜிப் பையில். கொள்கலனுக்குள் சூடு ஏறினால் ஷாம்பு விரிந்து மூடியைத் தள்ளும். ஒன்று கசிந்தால் மொத்தப் பெட்டியும் பாழ். சாக்லேட் அந்தச் சூட்டில் உருகி வடிவம் போகும், அதை விமானப் பைக்கு ஒதுக்குங்கள்.

சோப்பையும் சாப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டு மாதம் மூடிக் கிடந்தால் காப்பியில் சோப்பு வாசனை ஏறிவிடும், எத்தனை உறை போட்டாலும். சிலர் இரண்டு பெட்டியாகவே பிரித்துவிடுகிறார்கள்.

காலி இடம் விடாதீர்கள். கப்பலில் பெட்டிமேல் பெட்டி ஏறும், உள்ளே வெற்றிடம் இருந்தால் மூலை நசுங்கி அடுக்கே சரியும். இண்டு இடுக்கில் சாக்ஸ், உள்ளாடை, காலணிக்குள் சின்ன டப்பாக்கள். கடைசியில் பெறுபவர் பெயர், பராங்காய், நகராட்சி, மாகாணம், அங்கே உள்ள கைப்பேசி எண் ஆகியவற்றை எல்லாப் பக்கத்திலும் மார்க்கரில் எழுதுங்கள். பராங்காய்தான் அங்கே கிராம அளவு நிர்வாகம், அது இல்லாமல் லாரிக்காரருக்கு வீடு அகப்படாது. பட்டியலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

---

தூத்துக்குடி_மாலுமி

பிலிப்பினோ மாலுமிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு வட சமார் என்றதும் மட்நோக் துறைதான் ஞாபகம் வரும். மணிலாவிலிருந்து பேருந்து சோர்சோகோன் மாகாணத்தின் மட்நோக் வரை வந்து, வண்டியோடு படகில் ஏறி, சமாரின் ஆலென் துறையில் இறங்கும். புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றினால் கடலோரக் காவல்படை படகை நிறுத்திவிடும். அப்போது மட்நோக்கில் பேருந்துகளும் லாரிகளும் வரிசைகட்டி நிற்கும், ஒருநாளா மூன்று நாளா என்று சொல்ல முடியாது. டிசம்பரில் புயல் ஓய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அந்தக் கிழக்குக் கரைக்கு டிசம்பரிலும் வரும்.

அதனால் திரும்பும் வழியை மட்டும் தளர்வாகப் போடுங்கள். ஜனவரி 8 விமானம் என்றால் 6ஆம் தேதியே படகைக் கடந்து மணிலாவில் இருக்க வேண்டும். வட சமாரின் கட்டர்மானிலிருந்து மணிலாவுக்கு உள்நாட்டு விமானம் உண்டு, ஆனால் சேவை குறைவு. இன்னொரு வழி, சிங்கப்பூரிலிருந்து செபுவுக்கு நேரடி விமானம். செபுவிலிருந்து லெய்த்தே தீவின் டாக்லோபான் போய், சான் ஹுவானிகோ பாலம் கடந்து சமாருக்குள் சாலையிலேயே ஏறலாம். லெய்த்தே, சமார் இரண்டையும் அந்தப் பாலம் இணைப்பதால் மட்நோக் படகு தேவையில்லை. தூரம் கூடுதல்தான். ஓஇசி செபுவில் கிளம்பினாலும் வேண்டும், மணிலாவுக்கு மட்டும் என்று இல்லை.

மணிலா வழி என்றால் உள்நாட்டு விமானம் ஒரு முனையத்திலும் சிங்கப்பூர் விமானம் வேறு முனையத்திலும் இருக்கக்கூடும். இரண்டுக்கும் நடுவே ஊர்ச் சாலையில்தான் போக வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் டிக்கெட் போடாதீர்கள்.

காசு மிச்சம் ஒன்று: ஓஇசியோ விலக்கோ காட்டினால் பயண வரி இல்லை, சாதாரண வகுப்புக்கு அது 1,620 பெசோ. விமான நிலைய முனையக் கட்டணமும் இல்லை. டிக்கெட் விலைக்குள் இவை சேர்ந்து வந்திருந்தால் விமான நிலையத்தில் திரும்பக் கேட்டு வாங்கலாம். கையில் கொண்டுபோகும் பெசோ 50,000க்கு மேல் கூடாது, வெளிநாட்டுப் பணம் 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் என்றால் அறிவிக்க வேண்டும். பிலிப்பீன்ஸின் இ-டிராவல் என்ற இணையப் பயணப் பதிவு போகும்போதும் வரும்போதும் உண்டு, 72 மணி நேரத்துக்குள். அது இலவசம். கார்டு எண் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் மூன்று நாளுக்குள் இங்குள்ள வருகை அட்டையும் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம்.

---

அக்கா_ஜூரோங்

லெவி கேட்டிருந்தீங்க, யாரும் சொல்லலை. ஊர்ல இருக்கிற நாளுக்கு விலக்கு உண்டு, ஒரு வருஷத்துக்கு 60 நாள் வரைக்கும். ஆனா தானா கழியாது, நீங்கதான் மனிதவள அமைச்சு தளத்துல விண்ணப்பம் போடணும். மாசம் 300 கட்டறவங்களுக்கு 25 நாள்னா கணிசமான தொகை. 60 வெள்ளி சலுகை லெவின்னா சின்னக் காசுதான், இருந்தாலும் விடுவானேன்.

ஆறு மாச மருத்துவப் பரிசோதனை தேதி லீவுக்குள்ள விழுதான்னு பாருங்க. விழுந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லணும். இங்க தூதரகத்துல புதுப்பிச்சா அச்சடிச்சு மணிலாவிலிருந்து வரணும், வாரக்கணக்கா ஆகும். பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை ரெண்டும் அவங்க கையிலதான் இருக்கணும், நீங்க வாங்கி வச்சுக்கக்கூடாது.

---

செங்காங்_வாசி

எல்லோருக்கும் நன்றி. பாஸ்போர்ட் 2029 வரை செல்லும். ஒரே ஒரு கேள்வி: எம்டபிள்யூஓவில் முத்திரை வாங்கியதும் உடனே ஓஇசியும் எடுத்துவிடலாமா? நவம்பர் முதல் வாரத்தில் நாள் கிடைக்கும்போல் இருக்கிறது.

---

பழைய_ஏஜென்சிக்காரன்

முத்திரையை நவம்பரில் வாங்குங்கள், ஓஇசியை அப்போது எடுக்காதீர்கள். அது வழங்கிய நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும், ஒரு பயணத்துக்குத்தான். நவம்பர் 5 எடுத்தால் ஜனவரி 4ஓடு தீர்ந்துவிடும், அவர் 8ஆம் தேதி கவுண்டரில் நிற்பார். டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு எடுத்தால் பிப்ரவரி தொடக்கம் வரை கையில் இருக்கும், புயலில் நான்கு நாள் தள்ளினாலும் கவலையில்லை. இரண்டு பிரதி அச்சடித்துக் கொடுங்கள், போனில் ஒரு படம். அதோடு முத்திரை வைத்த ஒப்பந்தத்தின் நகலும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வைத்துக் கட்டிவிடப் போகிறார்.